மரமா, மரத்தருகே வீடு வாங்கிய பணமா?

அடுக்குமாடி விளம்பரத்தில் 'பார்க் வியூ' என்ற இரண்டு சொல் சேர்ந்தால் சதுர அடிக்கு விலை கூடிவிடும். வாங்குகிறவர் யார்? நிலையான சம்பளம் உள்ளவர். வங்கி நம்பிக் கடன் கொடுக்கக்கூடியவர். மாலையில் அரைமணி நடக்க நேரமும், இரவில் தூங்க ஏசியும் வாய்த்தவர். சில ஆண்டு கழித்து அந்தக் குடியிருப்புக்குப் போய் மனநலத்தை அளந்தால், தண்டவாளத்தை ஒட்டிய ஒண்டுக்குடித்தனத்தைவிட அங்கே கவலையும் சோர்வும் குறைவாகவே இருக்கும். சன்னலுக்கு வெளியே மரமும் நிற்கும். நன்றியை எதற்குச் சொல்வது? மரத்துக்கா, மாதச் சம்பளத்துக்கா?

மனசு சரியில்லை என்றால் "கொஞ்சம் காத்தாட வெளியில போயிட்டு வா" என்று சொல்லாத வீடு கிடையாது. அது பலிப்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் காற்றாடப் போனவருக்கு ஒரே நேரத்தில் பல விஷயங்கள் நடந்துவிடுகின்றன. கால் நடக்கிறது. வெயில் படுகிறது. வீட்டுச் சண்டையிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கிறார். வழியில் தெரிந்தவர் ஒருவர் நின்று பேசுகிறார். இவற்றில் செடிகொடிக்கு என்ன பங்கு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியுமா? நாற்பது ஆண்டுகளாக உளவியலாளர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த விடையைவிட, கண்டுபிடிக்க அவர்கள் கையாண்ட தந்திரங்கள் எனக்குச் சுவையாகப் படுகின்றன.

முதலில் பெரிய எண்களைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் வாழ்க்கை நிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் துண்டு துண்டாகக் கழித்தாலும் வித்தியாசமில்லை. பத்திரிகைகள் இதை உடனே மருந்துச்சீட்டாக்கின: வாரம் இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்கு முன்போ பின்போ.

அந்த எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது. மனச்சோர்வு பிடித்தவர் முதலில் கைவிடுவதே வெளியே போவதைத்தான். பூங்காவுக்குப் போகாததால் சோர்ந்தாரா, சோர்ந்ததால் போகவில்லையா என்பதை ஒரே ஒருமுறை கேட்ட கேள்வித்தாளால் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் இதை ஒளிக்கவில்லை. தங்கள் தரவு ஒரு நேரத்து நிலையை மட்டுமே காட்டுவது என்று எழுதித்தான் வைத்தார்கள்.

அதே ஆண்டு டென்மார்க்கிலிருந்து இன்னும் பெரிய கணக்கு வந்தது. 1985 முதல் 2003 வரை பிறந்த 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவேட்டையும், அவர்கள் குழந்தையாக வளர்ந்த வீட்டைச் சுற்றி எவ்வளவு பசுமை இருந்தது என்ற செயற்கைக்கோள் படத்தையும் இணைத்துப் பார்த்தார்கள். மிகக் குறைந்த பசுமையில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் வாய்ப்பு, நோயைப் பொறுத்து, 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. இதில் காலவரிசை சரி. பசுமை முதலில், நோய் பிறகு. பெற்றோரின் வருமானம், படிப்பு, குடும்பத்தில் மனநோய் வரலாறு என்று தெரிந்த காரணங்களையெல்லாம் கணக்கில் கழித்துவிட்டார்கள். ஆனால் அளக்கத் தெரிந்ததை மட்டும்தானே கழிக்க முடியும்? பின்னால் ஒளிந்து நின்று இரண்டையும் ஒருசேர ஆட்டிவைக்கும் காரணியை 'மறைகாரணி' என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்றாவது வலைக்குத் தப்பியிருக்கும் என்ற சந்தேகம் இந்த வகைக் கணக்குகளை எப்போதும் விடாது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. மரத்தருகே யார் இருப்பது என்பதை அவரவர் தீர்மானிக்கக் கூடாது. வேறு யாராவது, மரத்தைப் பற்றி யோசிக்காமலே, தீர்மானித்துவிட வேண்டும்.

ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்கருக்கு அப்படி ஓர் இடம் பென்சில்வேனியாவில் கிடைத்தது. ஒரு புறநகர் மருத்துவமனை. அங்கே பித்தப்பை அறுவை முடிந்தவர்களைப் படுக்கவைக்கும் அறைகளில் சிலவற்றின் சன்னல் இலையுதிர் மரங்களைப் பார்த்தது. மற்றவற்றின் சன்னல் பழுப்புநிறச் செங்கல் சுவரைப் பார்த்தது. எந்த அறை காலியோ அந்த அறை. நோயாளிக்குத் தேர்வு கிடையாது. உல்ரிச் யாரையும் சந்திக்கவே இல்லை. 1972 முதல் 1981 வரையிலான கோப்புகளை எடுத்து, வயது, பாலினம், எடை, புகைப்பழக்கம் போன்றவற்றில் ஒத்தவர்களாக இரண்டிரண்டு பேரைச் சேர்த்தார். ஒருவர் மரத்தைப் பார்த்தவர், இன்னொருவர் சுவரைப் பார்த்தவர். மொத்தம் 23 இணைகள். குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும் என்பதால் மே மாதத் தொடக்கத்திலிருந்து அக்டோபர் 20 வரை படுத்திருந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்.

மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள். சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். முக்கால் நாள் வித்தியாசம் பெரிதில்லை. என்னைக் கவர்ந்தது செவிலியரின் குறிப்பேடு. 'அழுகிறார்', 'தெம்பூட்ட வேண்டியிருக்கிறது' என்பது போன்ற குறிப்புகள் சுவர்ப்பக்கத்து நோயாளிகளுக்கு மூன்று மடங்குக்கும் மேல் இருந்தன. அறுவை முடிந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வலிக்கு அவர்கள் கேட்டது வீரியமான மருந்து. மரப்பக்கத்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்பிரின் அளவிலேயே சமாளித்தார்கள். பின்னாளில் இப்படி ஓர் ஆராய்ச்சி வரும் என்று தெரியாமலே செவிலியர்கள் எழுதிவைத்த குறிப்புகள் என்பதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

1984-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டு மூன்று பக்கம்தான். உலகெங்கும் மருத்துவமனைக் கட்டடக் கலைஞர்கள் இன்றுவரை அதைச் சொல்லித்தான் தோட்டத்துக்கு இடம் கேட்கிறார்கள். 46 பேரைக் கொண்ட ஓர் ஆய்வின் தோளில் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று நான் யோசிப்பதுண்டு. உல்ரிச்சே அதைவிடக் கவனமாக இருந்தார். அந்தச் சுவர் மிகச் சலிப்பூட்டுவது. ஆகவே கட்டடக் காட்சி எல்லாமே கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. மாதக்கணக்கில் படுத்துச் சலித்துப்போனவருக்கு ஆள்நடமாட்டமுள்ள தெரு மரத்தைவிட நல்ல காட்சியாக இருக்கலாம் என்று அவர் அதிலேயே குறிப்பிட்டார். அதாவது மரம் நல்லது செய்ததா, சுவர் கெடுதல் செய்ததா என்ற கேள்வி அப்படியே நின்றது. இதைப் பிறகு பெர்லினில் மீண்டும் சந்திப்போம்.

அடுத்த இடம் சிக்காகோ. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்பது அங்கே அரசு கட்டியிருந்த ஏழைகள் குடியிருப்பு. ஒரே அச்சில் வார்த்த 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி. கட்டியபோது சுற்றிலும் மரமும் புல்லும் இருந்தன. பராமரிப்புச் செலவைக் குறைக்கவும் புழுதியை அடக்கவும் பல இடங்களில் தரையைக் கான்கிரீட்டாலோ தாராலோ மூடிவிட்டார்கள். சில கட்டடங்களின் முன்னால் மட்டும் மரங்கள் பிழைத்தன. யாருக்கு எந்த வீடு என்பதை வீட்டுவசதி நிர்வாகம் ஒதுக்கியது. மரத்தடி வேண்டும் என்று கேட்டு வாங்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. ஒரே வறுமை, ஒரே லிஃப்ட் கோளாறு.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சஸ் குவோவும் வில்லியம் சல்லிவனும் அங்கிருந்த 145 பெண்களைச் சந்தித்து 2001-இல் எழுதினார்கள். மொட்டைத் தரையைப் பார்த்த வீடுகளில் வாழ்ந்தவர்களைவிட, மரத்தைப் பார்த்த வீடுகளில் வாழ்ந்தவர்களிடம் குடும்பத்துக்குள் அடிதடியும் கடுஞ்சொல்லும் குறைவாக இருந்தன. கவனச் சோதனையிலும் இவர்கள் மேலாகச் செய்தார்கள். அதைவிட முக்கியம், கவனத்தின் அளவைக் கணக்கிலிருந்து கழித்தால் கோபத்தின் வித்தியாசமும் கரைந்துவிட்டது. மரத்துக்கும் கைநீட்டுவதற்கும் நடுவே சங்கிலியின் ஒரு கண்ணியாகக் களைத்த கவனம் இருந்தது போலத் தெரிந்தது. கவனத்துக்கும் கோபத்துக்கும் என்ன உறவு என்பதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இவை இரண்டும் தானாக அமைந்த சோதனைகள். ஆய்வாளர்களே சீட்டுக் குலுக்கிப்போட்ட சோதனை ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. என் கணக்கில் இந்தத் துறையின் மிக வலுவான சான்று அதுதான்.

ஆலைகள் மூடிப்போன பழைய நகரம் அது. வீடு இடிந்து, சொந்தக்காரர் போய், குப்பையும் டயரும் சேர்ந்த காலிமனைகள் தெருவுக்குத் தெரு. யூஜீனியா சவுத், சார்லஸ் பிரனாஸ் ஆகியோரின் குழு அத்தகைய 541 மனைகளை எடுத்து, பகுதி பகுதியாகச் சேர்த்து, எந்தப் பகுதிக்கு என்ன என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்தது. ஒரு பங்கு மனைகளில் குப்பையை வாரி, தரையைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரக்கன்றுகளை நட்டு, உள்ளே நுழைய வழிவிட்டுக் குட்டையான மரவேலி போட்டார்கள். இன்னொரு பங்கில் குப்பையை மட்டும் அகற்றிப் புல்வெட்டினார்கள். மூன்றாம் பங்கை அப்படியே விட்டார்கள். புல்போட்ட மனைக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,600 டாலர்.

அக்கம்பக்கத்தில் வசித்த 342 பேரிடம் வேலை தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பிறகும் மனநிலையைக் கேட்டார்கள். கேட்டவர்கள் காலிமனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நகர வாழ்க்கையும் உடல்நலமும் பற்றிய ஆய்வு என்று மட்டும் சொன்னார்கள். 2018-இல் முடிவு வந்தது. ஒன்றும் செய்யாத பகுதிகளோடு ஒப்பிட்டால், புல்லும் மரமும் வந்த பகுதிகளில் 'மனச்சோர்வாக இருக்கிறேன்' என்று சொல்வது 41.5 சதவீதம் குறைந்திருந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் குறைவு இன்னும் அதிகம். குப்பையை மட்டும் அகற்றிய பகுதிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இந்தக் கடைசி வரிதான் ஆய்வின் உயிர். நல்லது செய்தது சுத்தம் மட்டும் என்றால் இரண்டாம் பங்கிலும் அது தெரிந்திருக்க வேண்டும். யாரோ வந்து நம் தெருவைக் கவனித்தார்கள் என்ற நிறைவு மட்டும் என்றால், அதுவும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். யாரையும் 'போய் உட்கார்' என்று சொல்லவில்லை. காடு, அருவி, மலை எதுவும் இல்லை. கடைக்குப் போகும் வழியில் கண்ணில் பட்ட ஒரு துண்டுப் புல்வெளி, அவ்வளவே.

குறைகளும் உண்டு. இது மருத்துவர் சோதித்துச் சொன்ன நோய்க்கணக்கு அல்ல. ஆறு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலுக்கு மக்கள் சொன்ன பதில். ஒட்டுமொத்த மனநலம் மோசம் என்று சொன்னவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது என்றாலும், அந்தக் குறைவு தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு உறுதியாக இல்லை.

சரி, மரம் ஏதோ செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்படி?

வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே கவனத்தை இரண்டாகப் பிரித்தார். பாம்பைப் பார்த்தால் கவனம் தானாகப் போகும். வரிக்கணக்கைப் பார்க்க நாமே அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் கப்லான், ரேச்சல் கப்லான் தம்பதி இந்த இரண்டாவது வகையைப் பிடித்துக்கொண்டார்கள். அதை 'முனைப்புக் கவனம்' எனலாம். அவர்கள் சொன்ன புதுமை, முனைப்புக் கவனத்தில் பெரும்பாடு விலக்குவதில்தான் இருக்கிறது என்பது. உற்சவர் வீதியுலா வரும்போது முன்னால் கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். சாமியைச் சுமப்பவர்கள் மாறி மாறித் தோள்கொடுத்துக்கொள்வார்கள். கயிற்றுக்காரர்களுக்கு மாற்றாள் கிடையாது; தெரு முழுக்க அவர்கள் முதுகால் தாங்கியாக வேண்டும். கணக்கு எழுதும்போது நம்மைக் களைக்கவைப்பது கணக்கு மட்டுமில்லை. கைபேசியின் கூவல், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, நாளை கட்டவேண்டிய பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் உள்ளே விடாமல் கயிறு பிடித்திருக்கிறோமே, அதுதான். கை தளர்ந்தால் கூட்டம் உள்ளே வந்துவிடும். நாக்கில் வந்த கடுஞ்சொல்லை அடக்குவதும் இதே கயிற்றின் வேலை. சிக்காகோவில் களைத்த கவனமும் கோபமும் ஒன்றாக வந்தது இதனால் இருக்கலாம்.

ஓய்வு எப்படிக் கிடைக்கும்? கவனம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் ஏதாவது ஒன்று எதிரில் இருந்தால் கயிறு பிடிக்கத் தேவையில்லை. கடைசி ஓவர் கிரிக்கெட்டும் அப்படித்தானே ஈர்க்கிறது என்பீர்கள். ஈர்க்கிறது, ஆனால் மனத்தை முழுவதும் அடைத்துக்கொண்டுவிடுகிறது. கப்லான் தம்பதி கேட்பது மென்மையான ஈர்ப்பை, 'மெல்லீர்ப்பு' என்று சொல்லலாம். இலை அசைவது, மேகம் நகர்வது, தண்ணீரில் வெயில் மினுங்குவது; இவை கண்ணைப் பிடித்துவைக்கும், நினைப்புக்கும் இடம் விடும். கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது எத்தனை மணி நேரமானாலும் ஓய்வாக ஆகாததன் காரணமும் இதுவாக இருக்கலாம். முயற்சி வேண்டாம்தான், ஆனால் இடமும் மிச்சமில்லை.

கேட்க அழகாக இருக்கும் கோட்பாடுகளைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. 7, 2, 9, 4, 1, 6 என்று யாராவது சொல்லச் சொல்லக் கேட்டு, பார்க்காமல் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பிடித்துவைத்தல், புரட்டல், விலக்கல் மூன்றும் ஒருங்கே வேண்டும். மார்க் பெர்மனும் சகாக்களும் 2008-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் 38 மாணவர்களுக்கு இதைக் கொடுத்தார்கள். முதலில் மூளையைக் களைக்கவைக்கும் வேலை, பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த நடை, மீண்டும் சோதனை. ஒருமுறை மரத்தோட்டம் வழியாக, ஒருவாரம் கழித்து நகரத்தின் போக்குவரத்துச் சாலை வழியாக. சிலருக்கு முன்பின் மாற்றி. தூரம் ஒன்றே, ஆளும் ஒருவரே என்பதால் பணக்காரர் ஏழை என்ற மறைகாரணிக்கு வேலையில்லை. மரத்தோட்ட நடைக்குப் பிறகு எண்களைத் திருப்பிச் சொல்வது தெளிவாக மேம்பட்டது; சாலை நடைக்குப் பிறகு அப்படியில்லை. சிலர் நடந்தது ஜனவரிக் குளிரில். அவர்களுக்கு நடை பிடிக்கவேயில்லை. ஆனாலும் சோதனையில் அவர்களும் முன்னேறினார்கள். 'சந்தோஷமாக இருந்ததால் நன்றாகச் செய்தார்கள்' என்ற எளிய விளக்கம் அங்கே அடிபட்டுப்போகிறது.

பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இவ்வளவு உற்சாகமாக இல்லை. எண்களைத் திருப்பிச் சொல்வது போன்ற சில சோதனைகளில் பலன் தெரிகிறது, வேறு சிலவற்றில் தெரிவதில்லை. கயிறு ஒன்றா, பலவா என்பதே இன்னும் தீராத வழக்கு.

கவனம் மட்டும்தான் வழி என்றும் இல்லை. நடந்து முடிந்த ஓர் அவமானத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து மெல்லும் பழக்கம் மனச்சோர்வுக்கு நெருங்கிய உறவு. அதை 'அசைபோடல்' என்போம். கிரெகரி பிராட்மன் குழு 2015-இல் 38 பேரை இரண்டாகப் பிரித்து 90 நிமிடம் நடக்க அனுப்பியது. பாதிப்பேர் ஸ்டான்ஃபோர்டு அருகே ஓக் மரங்கள் சிதறிய புல்வெளியில், மறுபாதி அந்தப் பகுதியிலேயே பரபரப்பான எல் கமினோ ரியல் சாலையில். புல்வெளியில் நடந்தவர்களுக்கு அசைபோடல் குறைந்தது. சோகமாக உள்ளுக்குள் சுருங்கும்போது இயங்கும் முன்மூளையின் ஒரு சிறு பகுதியும் அடங்கியிருந்தது. சாலையில் நடந்தவர்களிடம் இரண்டும் நடக்கவில்லை.

இனி பெர்லின். மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் 63 பேரின் மூளையைப் படமெடுத்து, குலுக்கல் முறையில் சிலரைக் குருனவால்டு காட்டுக்கும் சிலரைக் கடைத்தெரு ஒன்றுக்கும் ஒரு மணி நேரம் நடக்க அனுப்பி, திரும்பியதும் மறுபடியும் படமெடுத்தார்கள். அவர்கள் கண்வைத்தது அமிக்டலா என்ற பகுதியின் மேல். ஆபத்து என்றால் மூளைக்குள் முதலில் விழித்துக்கொள்பவற்றுள் ஒன்று அது. 2022-இல் வெளியான முடிவு உல்ரிச்சின் பழைய கேள்விக்குப் பாதி விடையாவது தருகிறது. காட்டில் நடந்தவர்களுக்கு அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது. கடைத்தெருவில் நடந்தவர்களுக்கு அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தெரு கெடுத்தது, காடு வெறுமனே கெடுக்காமல் விட்டது என்றால் தெருவில் அது ஏறியிருக்க வேண்டும். ஆக, மரத்தின் பக்கமும் ஏதோ நடக்கிறது. ஒரே ஒரு மணி நேரம், ஒரே ஒரு நகரம் என்பதையும் மறக்காமல் இருப்போம்.

மருந்துச் சோதனை செய்பவர்கள் இந்த ஆய்வுகளைப் பார்த்து ஒரு குறை சொல்வார்கள். நியாயமான குறை. புதிய மாத்திரையைச் சோதிக்கும்போது பாதிப்பேருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து, எது எவருக்கு என்று சொல்லாமல் வைப்பார்கள். இந்த 'மருந்துப்போலி'யைக் காட்டுக்கு எப்படிச் செய்வது? காட்டில் நடப்பவருக்குத் தான் காட்டில் நடப்பது தெரியும். காடு நல்லது என்று சிறு வயதிலிருந்து கேட்டும் இருக்கிறார். நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்ததாலேயே நன்றாக இருந்திருக்கலாம். ஃபிலடெல்ஃபியா ஆய்வு இதில் ஓரளவு தப்பிக்கிறது. தாங்கள் ஒரு சோதனைக்குள் வாழ்கிறோம் என்பது அந்த மக்களுக்குத் தெரியாது.

ஜப்பானிலிருந்து கிளம்பி இப்போது உலகெங்கும் கட்டணம் வாங்கி நடக்கும் 'வனக்குளியல்' பற்றி எனக்குத் தயக்கம் இருப்பதும் இதனால்தான். அந்தச் சொல்லை 1982-இல் ஜப்பான் அரசின் வனத்துறை உருவாக்கியது. ஆய்வுகள் பின்னால்தான் வந்தன. மரங்கள் வெளிவிடும் வாசனைப் பொருள்கள் உடலின் நோயெதிர்ப்பு அணுக்களைக் கூட்டுவதாகச் சொல்லும் ஆய்வுகளில் அதிகம் பேசப்படுபவை ஒருசில பேரை மட்டும் வைத்துச் செய்தவை. காட்டுக்குப் போனவர்கள் அலுவலகத்திலிருந்தும் விடுபட்டுத்தான் போனார்கள். வாசனையா, விடுப்பா?

இத்தனைக்கும் பிறகு ஒரு வேடிக்கை மிச்சமிருக்கிறது. இவ்வளவு மலிவான நல்லது வாசலில் இருக்கும்போது நாம் ஏன் போவதில்லை? கனடாவின் ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்துக் கட்டடங்களை நிலத்தடிச் சுரங்கப்பாதைகள் இணைக்கின்றன. அங்கத்திய குளிருக்கு அவை தேவை. எலிசபெத் நிஸ்பெட், ஜான் செலன்ஸ்கி இருவரும் மாணவர்களில் சிலரைச் சுரங்கம் வழியாகவும் சிலரை வெளியே கால்வாயோரமாகவும் நடக்கவைத்தார்கள். நடை எவ்வளவு இதமாக இருக்கும் என்று சிலரை முன்கூட்டியே ஊகிக்கவும் சொன்னார்கள். வெளியே நடந்தவர்கள் உற்சாகமாகத் திரும்பினார்கள். ஆனால் அந்த அளவு இருக்கும் என்று ஊகித்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. சுரங்கத்தையோ இருந்ததைவிட நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். சோபாவிலிருந்து எழுந்திருக்காததற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது பாதிதான் சரி. நமக்குள் இருக்கும் முன்கணிப்பே தப்புக் கணக்குப் போடுகிறது. மனம் சோர்ந்திருக்கும் நாளில் அது இன்னும் அதிகமாகத் தப்பலாம்.

போனால் மட்டும் போதுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டர்பி பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் ரிச்சர்ட்சன் அளப்பது, இயற்கையோடு தனக்கு உறவு இருக்கிறது என்று ஒருவர் எவ்வளவு உணர்கிறார் என்பதை. அதை 'இயற்கைப் பிணைப்பு' எனலாம். ஐந்து நாள், நாளுக்கு மூன்று, அன்று சுற்றுப்புறத்து உயிர்களிலோ வானத்திலோ கண்ட நல்லதை எழுதச் சொன்னார். ஒப்பீட்டுக்கு இன்னொரு குழுவை வேறு மூன்று சாதாரணத் தகவல்களை எழுதச் சொன்னார். முதல் குழுவின் பிணைப்பு உயர்ந்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் உயர்ந்தே இருந்தது. காதில் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு பூங்காவைச் சுற்றுவது காலுக்கு நல்லது, மறுக்கவில்லை. கவனித்துப் பார்ப்பவருக்குக் கூடுதலாக ஏதோ கிடைக்கிறது என்று இதிலிருந்து சொல்லலாம்.

கடுமையான மனச்சோர்வுக்கு இவை எதுவும் மாற்று மருத்துவம் அல்ல என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். மேலே சொன்ன நடைகளில் பல, நலமாக இருந்தவர்களை வைத்துச் செய்தவை.

நம் ஊருக்கு வருவோம். மேலே வந்த ஊர்ப்பெயர்களைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் குளிர்நாட்டு ஊர்கள். எல்லாம் பணக்கார நாட்டு ஊர்கள். உல்ரிச் மரத்தில் இலை உள்ள மாதங்களைத் தேட வேண்டியிருந்தது. நாம் தேடவேண்டியது நடக்க முடிகிற நேரத்தை. சென்னையில் மே மாத நண்பகலில் நிழலில்லாத புல்வெளி யாருடைய அமிக்டலாவையும் அடக்காது. இங்கே மரத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது: சுற்றுப்புறத்தைக் குளிர்வித்து, அந்த வழியாகத் தூக்கத்தையும் எரிச்சலையும் தொடுவது. அதை மெல்லீர்ப்பிலிருந்து எப்படிப் பிரித்து அளப்பது? அப்புறம் பாதுகாப்பு. தனியாக நடக்கும் ஒரு பெண்ணுக்கு அடர்ந்த, ஆளில்லாத பூங்கா ஓய்வு தராது. பின்னால் காலடி கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தால் கயிறு இன்னும் இறுகத்தான் செய்யும். பார்வையை மறைக்காத குட்டை வேலி ஃபிலடெல்ஃபியாவின் பலனில் எவ்வளவு பங்கு வகித்தது என்று யாராவது தனியாகப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு இடமும் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகவோ குடியிருப்பாகவோ மாற்றுபவர்கள் அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்தாக வேண்டும். 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்டால் தெரியும். பூங்காவாகிவிட்டவை உண்டு, சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும் மண்டிக் கிடப்பவையும் உண்டு. மிச்சமிருப்பவை எல்லாவற்றையும் எந்த நகராட்சியாலும் ஒரே ஆண்டில் சீர்செய்ய முடியாது. எது முதலில், எது மூன்றாம் ஆண்டில் என்று எப்படியும் ஒரு வரிசை போட்டாக வேண்டும். அந்த வரிசையைக் கவுன்சிலரின் சிபாரிசுக்குப் பதில் குலுக்கலில் போட்டால் பைசா செலவில்லாமல் ஒரு சோதனை தயார். சில மனைகளில் நிழல்மரம், சிலவற்றில் புல், சிலவற்றில் துப்புரவு மட்டும், சிலவற்றில் விளக்கு மட்டும் என்று பிரித்தால் மேலே எழுந்த கேள்விகளில் பாதிக்கு நம் வெயிலிலேயே விடை கிடைக்கும். சுற்றியுள்ள வீடுகளில் கேட்கவேண்டிய கேள்விகள் ஆறுதான். முதல் குழி வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை அவற்றைக் கேட்டிருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் வந்து வேலை தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் எதனோடு ஒப்பிடுவது?